கை என்று மட்டும் எழுதியிருந்த படம்

ஏனுங்க, இந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறீங்களா? ஆமாங்க, அப்படித்தான். ஈரோடு போறீங்களா? நல்லதாப் போச்சு, நானும் ஈரோடுதான். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. அட, தள்ளி உட்காராதீங்க, நான் ஒண்ணும் பண்ணலை. பண்ணினவங்க வேற ஆளுங்க. ஒருத்தன் ஆஸ்பத்திரியில ஒத்தைக் கண்ணுல கட்டுப் போட்டுட்டுக் கிடக்கறான். அவன் எம்பட தங்கச்சி வீட்டுக்காரன். அந்தக் கண்ணைப் பேத்தவ எம்பட தங்கச்சி. நடுவுல நானு.

நான் போய் ஒரு வார்த்தை சொன்னா மாப்பிள்ளை உள்ள போவாரு. அதையே சொல்லாம வந்துட்டா தங்கச்சி உள்ள போவா. என்ன வார்த்தைன்னு கேக்கறீங்களா? சொல்றேன். அதுக்கு முன்னால சுவரைப் பத்திச் சொல்லியாகோணும். இத்தனை ரத்தமும் ஒரு சுவத்துக்காக வந்ததுதானுங்க. மத்தவங்க வேற மாதிரி சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

நான் ஓவியன். ஆர்ட்டிஸ்ட் சென்னியப்பன்னு சென்னிமலையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எண்ணெய் வண்ணத்துல ஆளு படம். கல்யாணப் பொண்ணு, மில் முதலாளி, செத்துப்போன அப்பாரு, எது வேணாலும். உள்ளது உள்ளபடி வரைவேன். புருவத்து முடியை நீங்க ஒவ்வொண்ணா எண்ணிக்கலாம். மத்தவங்க மாதிரி கற்பனையைக் கலக்கறது எனக்குப் பிடிக்காதுங்க. கண்ணு என்ன பாக்குதோ அதைக் கை எழுதோணும், அவ்வளவுதான் என் கொள்கை.

ஈரோட்டுல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, பழைய ஜவுளிக் குடோன் ஒண்ணை வாங்கி, வெள்ளையடிச்சு, லைட்டெல்லாம் மாட்டி, கேலரின்னு பேரு வெச்சாங்க. மொத மாடி. ஏறி வந்தா நேரா ஒரு பெரிய சுவரு. இந்த ஊர்ப்பக்கத்து ஓவியருங்களை எல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கொரு பாணி, எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வெப்போம்னாங்க. நல்ல மனசு. ஆனா பாணி வேறயா இருக்கறவங்களை ஒரே ரூமுல விடறது சேவலை ஒரே கூடையில விடற மாதிரிங்க. அந்தம்மாவுக்கு அது தெரியலை.

யார் யாருன்னு கேளுங்க. குப்புராஜ் சாருன்னு ஒருத்தரு, ரயில்வேயில இருந்து ரிட்டையரானவரு. வாட்டர் கலரு. காவேரிப் பாலம், மழை, குடை. அவரு படத்தைப் பார்த்தா தொட்டா விரல்ல ஈரம் ஒட்டுமோன்னு இருக்கும். நல்ல மனுஷன், ஆனா எல்லாத்தையும் கலங்கலா வரைவாரு. அப்புறம் இளமாறன்னு தாடிக்காரரு. கேன்வாசுல மணலை ஒட்டி, மஞ்சத்தூளைக் கொட்டி, மேல தாரை ஊத்தி, நவீனம்பாரு. "ஏனுங்க தம்பி, படத்துக்குப் பேரு பைபாஸ் ரோடுங்களா?"ன்னு நான் கேட்டேன். "சார், உங்க படத்துக்கு ஆதார் கார்டுன்னு வெச்சுக்கலாமா?"ன்னு அவரு கேட்டாரு. சிரிச்சோம். ரெண்டு பேரு பல்லும் தெரிஞ்சுது. சிரிப்பு இல்லைங்க அது.

நாலாவது ஆளு ஜெசிந்தா டீச்சர். பள்ளிக்கூடத்துல டிராயிங் சொல்லிக் கொடுக்கறவங்க. அவங்களுக்குக் கலரே கிடையாது. கரி. நம்ம அடுப்புக்கரி மாதிரி கரிக்கட்டை. அதை வெச்சுக் காடாத் துணியில வரைவாங்க. அமைதியான பொம்பளைன்னு நான் நெனச்சிருந்தேன்.

எந்தச் சுவரு யாருக்குன்னு சீட்டுக் குலுக்கினோம். அது வழக்கம், அப்பத்தான் சண்டை வராது. எதிர்ச் சுவரு டீச்சருக்கு விழுந்துது. எனக்குப் படிக்கட்டு ஏறி முடியற எடத்துல, சுவிட்சு போர்டுக்குப் பக்கத்துல ஒரு துண்டுச் சுவரு. நான் ஒண்ணும் பேசலைங்க. பேசினது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை நாச்சிமுத்துக்குப் பிரேம் கடை. எங்க எல்லாருத்து படமும் அங்கதான் சட்டம் ஏறும். எனக்கு வர்ற ஆர்டரெல்லாம் அந்தக் கடை வழியாத்தான் வரும், அது வேற விசயம். அன்னைக்கு அவரு ஆணியடிக்க வந்திருந்தாரு, கையில சுத்தியலு. "எதிர்ச் சுவரு எங்க மச்சானுக்கு"ன்னாரு. டாக்டரம்மா, "சீட்டுப் போட்டாச்சுங்களே"ன்னாங்க. அவ்வளவுதான். சுத்தியலைத் தூக்கி வீசினாரு பாருங்க, குப்புராஜ் சாரோட கால் கட்டை விரலுக்குப் பக்கத்துல விழுந்து டைல்ஸ் பொளந்துது. பாவம், அந்த மனுஷன் காலை மேல தூக்கினவரு கீழ வெக்கவே இல்லை.

"சட்டமெல்லாம் என்னுது. சுத்தியலு என்னுது. எதிர்ச் சுவத்துல வேற எவளாச்சும் படத்தை மாட்டட்டும், பாக்கறேன்"னாரு.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கோவம் வரும். ஆனா குணம் தங்கம். டீச்சரு ஒரு நிமிசம் அவரையே பார்த்தாங்க. அப்புறம், "எனக்குப் படிக்கட்டுப் பக்கமே போதுங்க. ஏறி வர்றவங்க மூச்சு வாங்க அங்கதான் நிப்பாங்க. நின்னா பார்ப்பாங்க"ன்னாங்க. பெருந்தன்மைன்னு நெனச்சேன். இப்பத்தானே தெரியுது.

எதிர்ச் சுவத்துல நான் எதை மாட்டினேன்னா, தங்கச்சி படத்தை. கோகிலவாணி. அவளை உக்கார வெச்சு எத்தனையோ மாசம் வேலை பண்ணின படம். பச்சைப் பட்டு, மூக்குத்தி, மடியில ரெண்டு கை, கையில மல்லிகைச் சரம். மாப்பிள்ளை பிரியமாத் தேக்குல சட்டம் போட்டு, நாலு மூலைக்கும் பித்தளையில கூரா வார்த்து அடிச்சிருந்தாரு. ஒரு ஆளு தனியாத் தூக்க முடியாது. பார்த்தவங்க எல்லாம் மல்லிகையைத்தான் சொன்னாங்க. "வாசனை வருதுங்க"ன்னாங்க. வரும். ஒவ்வொரு மொட்டும் தனித்தனியா எழுதினது.

மொதல்ல சரம் கெடையாதுங்க. வெறும் கைதான் எழுதறதா இருந்தேன். பாதி வேலையில ஒரு வாரம் வாணி வரலை. அப்புறம் வந்து உக்காந்தா. பார்த்தா பொறங்கையில புள்ளி புள்ளியா, ஜோடி ஜோடியா, கருப்பும் நீலமுமா, வீங்கி. தோலு அங்கங்க பழுத்து மஞ்சளா. ஓவியனுக்கு இதெல்லாம் சகஜம். மச்சம் இருக்கும், அம்மைத் தழும்பு இருக்கும், படத்துல வேண்டாம்பாங்க, டச்சப் பண்ணிடுவோம். நானு ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு மொட்டு வெச்சேன். அது அதும் சரியா உக்காந்துச்சுங்க. அளவெடுத்து வெச்ச மாதிரி. மல்லிகை வந்தது அப்படித்தான். கலையில சில சமயம் கொறையே அழகாயிடும்.

"கை வலிக்குதாம்மணி?"ன்னு கூடக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதாண்ணா?"ன்னா. "அசையாம இரு"ன்னேன். வெளிச்சம் போயிட்டிருந்துது.

சரி, தெறப்பு விழா அன்னைக்கு வர்றேன். காலையிலயே எல்லாரும் வந்தாச்சு. வாணியும் குத்துவிளக்கு, எண்ணெய், திரி எல்லாம் எடுத்துட்டு மாப்பிள்ளை வண்டியில வந்தா. மாப்பிள்ளை சிறப்பு விருந்தினரைக் கூட்டியாரப் போயிட்டாரு. டீச்சரு ஒரு சுருளைத் தோளுல தூக்கிட்டு ஏறி வந்தாங்க. பிரேமே போடலை. மத்த எல்லாருத்து படமும் மாப்பிள்ளை கடைக்குப் போய் வந்துது, அவங்களுது மட்டும் போகலை. ஏன்னு எனக்கு அப்ப உறைக்கலை. துணியை விரிச்சு, ஸ்டேப்ளர் கன் இருக்குதுங்களே, நாங்க கேன்வாசு இழுத்துக் கட்டறது, துப்பாக்கி மாதிரி பிடி இருக்கும், அதை வெச்சு நேரா சுவத்துலயே அடிச்சாங்க. டக். டக். டக்.

மொத டக்குக்கே வாணி கையில இருந்த எண்ணெய்ப் பாட்டிலு கீழ போயிருச்சு. தரையெல்லாம் எண்ணெய். நான் திட்டினேன். அவ பொறங்கையை முதுகுக்குப் பின்னால வெச்சுட்டு நின்னா, சின்னப் புள்ளையாட்டம்.

படம் என்னன்னா, ஒரு கை. ஒரே ஒரு கை. ஆள் உயரத்துக்குக் கை. மூஞ்சி கெடையாது, ஒடம்பு கெடையாது. விரிச்சுக் கவுத்து வெச்ச பொறங்கை. அதுல ஜோடி ஜோடியாப் புள்ளி. வீக்கம், விரிசல், காஞ்ச ரத்தம் எல்லாம் கரியில. அடியில ஒரு சீட்டு. "கை." அவ்வளவுதான். பேரு கூட ஒழுங்கா வெக்கத் தெரியலை.

ஊரு ஆளுங்க பார்த்தா என்னமோ நவீனம்னு போயிருப்பாங்க. ஆனா எங்க ஆளுங்க போக மாட்டாங்களே. இளமாறன் வந்து நின்னாரு. பார்த்தாரு. போய் அவரு படத்தைத் திருப்பி, பின்பக்கம் அடிச்சிருக்கற ஸ்டேப்ளர் பின்னுக்கு ரெண்டு காலுக்கும் நடுவுல விரலை வெச்சு அளவு பார்த்தாரு. திரும்ப வந்து படத்துக் கையில இருக்கற ஜோடிப் புள்ளிக்கு நடுவுல அதே விரலை வெச்சாரு. தாடிக்காரரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. குப்புராஜ் சாரு மட்டும், "ஏம்மா டீச்சர், இது..."ன்னாரு. "ஆமாங்க சார்"னாங்க. 

நான் புள்ளியைப் பார்க்கலைங்க. சுண்டு விரலைப் பார்த்தேன். உள்பக்கமா மடங்கி இருந்துது. சின்னதுல கெணத்து ராட்டுல மாட்டி ஒடைஞ்சது அது. எனக்கு எல்லாம் புரிஞ்சுது. என்னோட மாடலைத் திருடியிருக்காங்க! ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு இவ டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கா. என்னோட தங்கச்சியை, நான் எதிர்ச் சுவத்துல பட்டும் பூவுமா மரியாதையா வெச்சிருக்கேன், இவங்க படிக்கட்டுல, செருப்புக் கழட்டற எடத்துல, ஒரு அழுகின கையாத் தொங்க விட்டிருக்காங்க. கூடப் பொறந்தவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அட்டை வெட்டற கட்டர் மேசையில கெடந்துது. எடுத்தேன். அதுக்குள்ள விருந்தினர் வந்துட்டாரு, பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க, கீழ நாதஸ்வர கேசட்டு ஓடுது. எனக்கு எதுவும் தெரியலை. நேராப் போய் மேல இருந்து கீழ ஒரே இழுப்பு. காடாத் துணி கிழியற சத்தம் இருக்குதுங்களே, உசுருள்ள ஒண்ணைக் கிழிக்கற மாதிரிங்க. ரெண்டாவது இழுப்பு. மூணாவது இழுப்புக்குள்ள டீச்சரு நடுவுல கையை விட்டாங்க. நான் நிறுத்தலை. நிறுத்த நேரமில்லை. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் பொளந்துக்கிச்சு. ரத்தம் துணியில வழியுது, கரியோட கலந்து வழியுது.

"எந்தங்கச்சி கையை எவகிட்டக் கேட்டுடி வரைஞ்ச?"ன்னு கத்தினேன்.

அந்தப் பொம்பளை அழுகலைங்க. கையைத் தூக்கிப் பிடிச்சுட்டு, "அவங்கதான் கேட்டாங்க சார். 'வரைஞ்சு வெச்சிருங்க டீச்சர், ஆறிப்போச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க'ன்னாங்க"ன்னாங்க.

எல்லாரும் திரும்பி வாணியைப் பார்த்தாங்க.

இப்ப என்ன சொல்றாங்கன்னா, நான் கத்தலைன்னா அது யாரு கைன்னு எவனுக்கும் தெரிஞ்சிருக்காதாம். குடும்ப மானத்தை நானே மேடை போட்டு ஏலம் விட்டேனாம். அதெப்படிங்க? நான் மானத்தைக் காப்பாத்தத்தான் கிழிச்சேன். வேற எப்படிக் காப்பாத்தறது?

அந்நேரம் பார்த்து மாப்பிள்ளை மாலையைக் கையில வெச்சுட்டு மேல வந்தாரு. கிழிஞ்சு தொங்கற துணியைப் பார்த்தாரு. தொங்கற துண்டுல புள்ளி இருந்துது. அவருக்குத் தெரியாதா?  மாலையைக் கீழ போட்டுட்டு, எண்ணெயில சறுக்காம நிதானமா நடந்து போய், வாணி கொண்டையைப் பிடிச்சாரு. இழுத்தாரு. அவ முட்டி போட்டு விழுந்தா. "ஊட்டுக்கு வாடி, மிச்சக் கையையும் வரையச் சொல்றேன்"னாரு. தலையைத் தூணுல ஒரு மோது. வயித்துல ஒரு ஒதை. அத்தனை பேருக்கு முன்னால.

குப்புராஜ் சாரு, "யோவ் விடுய்யா!"ன்னு ஓடி வந்தாரு. இளமாறனும் வந்தாரு. நான்தான் ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சேன். "குடும்ப விசயம், நீங்க தள்ளுங்க"ன்னேன். பெரியவரு என்னைத் தாண்டப் பார்த்தாரு, நெஞ்சுல கையை வெச்சுத் தள்ளினேன், எண்ணெயில வழுக்கி விழுந்து கண்ணாடி ஒடைஞ்சு புருவத்துல கிழிச்சுருச்சு. நான் மறிச்சதனாலதான் சண்டை பெருசாகாம இருந்துது. அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

மாப்பிள்ளை அவளை இழுத்துட்டு எதிர்ச் சுவரு ஓரமாத்தான் வந்தாரு. வாணி கையில கெடச்சதைப் பிடிச்சா. கெடச்சது எம்பட படம்.

ஏனுங்க, அந்த ரூமுல சுத்தியலு இருந்துது. குத்துவிளக்கு இருந்துது. இளமாறனோட தாரு படம் இருந்துது, அதுல அடிச்சா இன்னும் நல்லாவே இருக்கும். அவளுக்கு எம்பட படம்தான் கெடச்சுதா? ஒரு ஆளு தூக்க முடியாததை எப்படித் தூக்கினான்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை. ஆணியோட பேத்துட்டு, திரும்பி, ஒரே வீச்சு. பித்தளை மூலை நேராக் கண்ணுல. தேங்காய் ஒடையற சத்தம் வந்துது. மாப்பிள்ளை சத்தம் போடலை, வாயைத் தொறந்தாரு, சத்தம் வரலை. மூஞ்சியைப் பொத்தின கை வழியா ரத்தம் முழங்கைக்கு ஓடுது. அவ மறுபடி ஓங்கினா. சட்டம் ரெண்டா ஒடைஞ்சுது. மறுபடி. இளமாறன் பின்னால வந்து கட்டிப் பிடிச்சதுக்கு அப்புறம்தான் விட்டா.

விழுந்த கேன்வாசை நான் ஓடிப்போய் எடுத்தேன். வாயிக்கு நேரா ஒரு கிழிசல். மல்லிகை மேல எல்லாம் ரத்தம். சட்டுனு வேட்டியில தொடைச்சேன், டர்பன்டைன் கேட்டேன், ஒருத்தன் கொண்டாரலை. அவங்க எல்லாம் மாப்பிள்ளையைத் தூக்கிட்டு ஓடறாங்க, டீச்சர் கைக்குத் துணி சுத்தறாங்க. காயற வரைக்கும் விட்டா ரத்தம் எண்ணெய் வண்ணத்துக்குள்ள எறங்கிரும், அப்புறம் போகவே போகாது. அதைச் சொன்னா என்னமோ பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க.

வாணி எம்பக்கத்துல வந்து நின்னா. உதடு கிழிஞ்சு வீங்கியிருந்துது. "பார்த்தீங்கல்லண்ணா. இப்பவாச்சும் சொல்லுவீங்களா?"ன்னா. நான் படத்தைத் தொடைச்சுட்டிருந்தேன்.

இவ சொல்லச் சொன்னாளே, அதுதான் அந்த வார்த்தை. வர்றேன், வர்றேன்.

ஸ்டேஷன்ல வாணி என்ன எழுதிக் கொடுத்திருக்கான்னா, கடையில வெச்சு, மேசை மேல கையை அமுத்திப் பிடிச்சு, ஸ்டேப்ளர் கன்னால வரிசையா அடிச்சாருன்னு. மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னா, வேலை பழகறப்ப அவளே கை தவறி அடிச்சுக்கிட்டா, இப்ப புத்தி பிசகிக் கொல்ல வந்துட்டான்னு. காயமெல்லாம் ஆறிப்போய் இப்ப சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுதான் இருக்குது. டாக்டருங்க அதைப் பார்த்து எப்ப, எப்படின்னு சொல்ல முடியாதுங்கறாங்க. டீச்சர் வரைஞ்ச படம் முழுசா இருந்தா காட்டியிருக்கலாம். அது துண்டு துண்டாக் கெடக்குது. அதனால இன்ஸ்பெக்டரம்மா, "வேற யாராச்சும் கூட இருந்தாங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. "எங்கண்ணன் கடையில இருந்தாரு, அவரைக் கேளுங்க"ன்னு இவ சொல்லிட்டா.

இருந்தேன். இல்லைங்கலை. முன்பக்கம் நின்னு இந்தப் படத்துக்குத்தான் சட்டம் பாத்துட்டிருந்தேன், தேக்குல போடலாமா, ரோஸ்வுட்ல போடலாமான்னு. அவங்க ரெண்டு பேரும் திரைக்குப் பின்னால. ஏதோ கணக்கு வழக்குப் பேச்சு, ஏதோ கஸ்டமரு கூடச் சிரிச்சுப் பேசினான்னு பேச்சு. அப்புறம் டக்குனு ஒரு சத்தம். பிரேம் கடையில டக்குனு சத்தம் கேக்காம, வேற என்னங்க கேக்கும்? மறுபடியும் டக். வாணி கத்தினா. பாருங்க, வலிச்சா எல்லாரும் அம்மான்னுதான கத்துவாங்க? அவ "அண்ணா"ன்னு கத்தினா. சின்னதுல இருந்து பழக்கம். டக். "அண்ணா." டக். "அண்ணா." அப்படியே கொஞ்ச நேரம் போச்சு. நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வெச்சேன். புருசன் பொண்டாட்டி விசயத்தைக் காது கொடுத்துக் கேக்கறது நாகரிகம் இல்லைங்களே.

அப்புறம் திரையை விலக்கிட்டு வந்தா. கையை முந்தானையில சுத்தியிருந்தா. "காபி குடிக்கறீங்களாண்ணா?"ன்னு கேட்டா. போட்டுக் கொண்டாந்தா. குடிச்சேன். நல்ல காபிங்க. தேக்குலயே போட்டுருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நேத்து மாப்பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒத்தைக் கண்ணால பார்த்துட்டு, "மச்சான், உங்களை நான் எதிர்ச் சுவத்துல வெச்சவன்"னாரு.  அங்கிருந்து வாணியைப் பார்க்கப் போனேன், டீச்சர் ஊட்டுல இருக்கறா. "நீ கேஸை வாபஸ் வாங்கு, நான் பேசி முடிச்சு வெக்கறேன்"னேன். "நீங்க ஒண்ணும் முடிச்சு வெக்க வேண்டாண்ணா. கேட்டதைக் கேட்டேன்னு சொன்னாப் போதும்"னா. கோவத்துல ஓங்கி ஒரு அறை விட்டேன். கூடப் பொறந்தவன், எனக்கு உரிமை இல்லைங்களா? அவ கன்னத்தைக் கூடப் பிடிக்கலை. என்னமோ பஸ்சுல வர்ற ஆளைப் பாக்கற மாதிரி பார்த்தா.

இப்ப நீங்களே சொல்லுங்க, படிச்சவரு மாதிரி தெரியறீங்க. சாட்சின்னா என்ன? கண்ணால பார்த்தவன்தான சாட்சி? நான் என்ன பார்த்தேன்? திரையைப் பார்த்தேன். நான் கண்ணை வெச்சுப் பொழைக்கறவன். பார்க்காததை நான் வரையறதும் இல்லை, சொல்றதும் இல்லை. "நான் பார்க்கலைங்க, கடையில சட்டம் பாத்துட்டிருந்தேன்"னு சொல்லிட்டு வந்துருவேன். அதுல ஒரு பொய் இருக்குதுங்களா? ஒரு எழுத்துப் பொய்யில்லை. யாருக்கும் பகை இல்லாமப் போயிரும்.

என்னங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?

அட, ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். இனி கூட்ஸு வண்டி போற வரைக்கும் நிக்கோணும். எஞ்சினையும் ஆப் பண்ணிட்டாரு பாருங்க டிரைவரு. நல்லதுதான், காதுக்கு எவ்வளவு எதமா இருக்குது. அந்த வேலா மரத்துல மைனா கத்தறது கூடத் தெளிவாக் கேக்குது.

ஒரு நிமிசம், போனு. வாணிதான். இந்தப் போனுல காதுல வெச்சா கேக்காதுங்க, ஸ்பீக்கருல போட்டாத்தான்.

என்ன அம்மணி? வந்துட்டே இருக்கேன். கேட்டுல நிக்குது பஸ்ஸு.

"அண்ணா, இன்ஸ்பெக்டரம்மா அவசரமா வெளிய கெளம்பறாங்க. போனுலயே ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேங்கறாங்க. பக்கத்துலதான் இருக்காங்க."

இரு, நானு நேர்ல வந்து...

"அன்னைக்குக் கடையில நான் உங்களைக் கூப்பிட்டது கேட்டுச்சுங்களாண்ணா?"

ஹலோ?

"கேட்டுச்சுங்களாண்ணா?"

ஹலோ... ஹலோ... அம்மணி, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது கண்ணு. பஸ்ஸு ஒரே எரைச்சலு. கூட்டம் வேற. நீ பேசறது ஒரு வார்த்தை கூட...

ஏனுங்க, எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? என்ன எல்லாருமே திரும்பிப் பாக்கறீங்க? அட, போனை விடுங்க. அது எம்பட போனுங்க. கையை எடுங்க, நான் மரியாதையாப் பேசிட்டிருக்கேன். என்னங்க இது, போனை வாங்கிட்டு "மேடம், வணக்கம்"ங்கறீங்க? உங்களுக்கு என்ன தெரியும், நீங்க அங்க இருந்தீங்களா? எது? நான் சொன்னனா? எல்லாம் கேட்டுச்சுன்னு நான் உங்ககிட்டச் சொன்னனா? பேச்சுவாக்குல ஆயிரம் சொல்லுவாங்க, பஸ்சுல பக்கத்துல உக்காந்தவரு கிட்ட மனசு விட்டுப் பேசறது ஒரு தப்பா? கண்டக்டரு, இவரைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க. ஏனுங்க கண்டக்டரு, நீங்க எதுக்கு "நானும் கேட்டேன்"ங்கறீங்க? உங்களை யாரு கேட்டது? பின்னாடி உக்காந்திருக்கற அம்மா, நீங்களுமா?

அம்மணி, கேளு கண்ணு. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நான் உன் அண்ணன் பேசறேன். அண்ணன் சொல்றதைக் கேளு...

ஐயா, பெரியவரே, இன்ஸ்பெக்டரம்மா உங்க பேரும் வெலாசமும் கேக்கறாங்க. சொல்லாதீங்க. உங்க கையைக் கூடப் பிடிச்சுக்கறேன். வேண்டாங்க.

சொல்லாதீங்க.